தரங்கம்பாடியில் ஓர் இளைஞரின் ஏழு நாட்கள்

புது ஊருக்குக் குடிவந்த முதல் வாரத்தை நம்மில் யாரும் எளிதில் மறப்பதில்லை. கடையில் உப்புக் கேட்பதற்கும் சைகை வேண்டியிருக்கும். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளோ நமக்கு முன்பே அவ்வூர் மொழியைப் பிடித்துக்கொண்டு, நமக்கே ஆசிரியர்களாகிவிடுவார்கள். இதே நிலையில், ஆனால் எதிர்த் திசையில், நம் மொழியைத் தேடி நம் கடற்கரைக்கு வந்த ஒருவரின் நாட்களை இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். ஹாலே நகரில் பயின்ற அவரை, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் குடியேற்றமாகிய தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக அனுப்பினார். 1705 நவம்பரில் கப்பலேறியவர் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தார். மறுநாள் அவருக்கு வயது 24. உடன் வந்தவர் புளூட்சோ என்னும் நண்பர். மன்னரின் ஆணை கையில் இருந்தும் வரவேற்பார் எவருமில்லை. 1620 முதல் அங்கே கோட்டை கட்டி வாணிகம் நடத்திய டேனியருக்கு இவர்கள் வருகை தலைவலியாகவே தோன்றிற்று. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அதை மறைக்கவும் இல்லை.

அந்நாளில் ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே அழைத்தனர். அதைக் கற்க இவர்களிடம் ஏடும் இல்லை, இலக்கணமும் இல்லை. முதியவராகிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்தனர். சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் அகரம் முதலாக எழுதிப் பழகினார் சீகன்பால்கு. மணலில் எழுதிப் பழகியவர்களுக்கு விரல் நுனி எப்படிச் சிவக்கும் என்பது தெரியும். பொருள் விளக்க அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் உதவினார். புளூட்சோ கடற்கரையெங்கும் வழங்கிய போர்த்துகீசிய மொழியை மேற்கொள்ள, தமிழ் சீகன்பால்குவின் பங்காயிற்று.

அவர் தம் நாளை எவ்வாறு பகுத்துக்கொண்டார் என்பது அவருடைய கடிதங்களால் தெரிகிறது. காலை 7 மணி முதல் 8 வரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீண்டும் ஓதுதல். 8 முதல் 12 வரை அதுகாறும் படித்திராத தமிழ் நூல்களைப் படித்தல். அப்போது அருகில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பர்; கடினமான செய்யுளைப் புலவர் பேச்சு நடையில் விரித்துச் சொல்ல, புதுச் சொற்களை எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். உண்ணும்போதும் ஒருவர் நூல் வாசிக்க வேண்டும். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடியும் படிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண்ணுக்கு ஓய்வு வேண்டிப் பிறர் படிக்கக் கேட்பார். எவருடைய நடையைத் தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற இயலுமோ அவருடைய நூலையே விரும்பித் தேர்ந்தார். இது பண்டிதர் ஒருவரின் அட்டவணையாகத் தோன்றினாலும், இவற்றினிடையேதான் பிள்ளைகளுக்குக் கல்வியும், நாடி வந்தோருடன் சமய உரையாடலும், ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டிய நீண்ட கடிதங்களும் நடைபெற்றன. ஞாயிறன்றும் ஓய்வில்லை. 1707 ஆகஸ்டு 14 அன்று திறக்கப்பெற்ற எருசலேம் ஆலயத்தில் அவர் தமிழில் அருளுரை ஆற்றினார்.

ஏடுகளைத் திரட்ட அவர் எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். கணவரை இழந்த அந்தணப் பெண்டிரிடமிருந்து பல சுவடிகள் விலைக்குக் கிடைத்தன என்று அவரே எழுதுகிறார். அந்த இல்லங்களிலிருந்து ஏட்டுக்கட்டுகள் வெளியேறிய நாளை எண்ணும்போது நமக்கு மனம் சற்றுக் கனக்கத்தான் செய்கிறது. எனினும், 1708-இல் அவர் எழுதிய பட்டியலில் 119 தமிழ் நூல்கள் குறிப்புடன் இடம்பெற்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் உண்டு. இந்நாட்டாரைக் கல்வியற்றவர் என்று கருதி வந்தவர், படிக்கப் படிக்க அக்கருத்தை மாற்றிக்கொண்டார். மதம் மாற்றும் நோக்கத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை அறிந்தவராவோம்.

1708 அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு மாதம் சென்றதும் நவம்பர் 19 அன்று சிறைப்பட்டார். கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து மீண்டும் மீண்டும் பேசியது ஹாசியசுக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்தவரே கிறிஸ்தவரைச் சிறையிட்டதை ஊரார் வியந்து பார்த்தனர். விடிந்தால் சொல், பொழுது சாய்ந்தால் நூல் என்று வாழ்ந்தவருக்கு முதலில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன. நான்கு மாதங்கள் கழித்து, 1709 மார்ச்சில் வெளிவந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. 1714, 1715 ஆண்டுகளில் அந்நூல் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் எழுந்தது.

தமிழர்களிடம் அவர் எழுத்து வழியே வினாக்கள் விடுத்து, வந்த விடைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். அவற்றுள் 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சிடப்பெற்றன. தம் அண்டை வீட்டாரின் குடியையும் உணவையும் நம்மவர் கூசாது கண்டித்த இடங்கள் அவற்றில் உண்டு. அவற்றையும் அவர் மறைக்காமல் அனுப்பினார்.

தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய பெருநூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஹாலேயில் இருந்தோர் அதனை வேண்டாத வேலையாகவே எண்ணி ஒதுக்கி வைத்தனர். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறந்தார். முந்தின ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தினுள் அவரை அடக்கம் செய்தனர். தெய்வங்களைப் பற்றிய அந்நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். எழுதி முடித்து 154 ஆண்டுகள் கழிந்த பின்னர்.