தோல் போர்த்திய படகு

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருக்கிறீர்களா? அது நேராகப் போகாது, சுற்றிச் சுற்றித்தான் போகும். சுமார் 1520-ல் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டோமிங்கோ பயஸும் இதையேதான் எழுதி வைத்தார். கூடை மாதிரி வட்டம், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம் என்கிறது அவர் குறிப்பு. 1803-ல் மராத்தியப் போருக்குப் போன ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்தாரே அவர்தான், தன் படை ஆறு கடக்க இதே தோல் பரிசல்களைத்தான் செய்யச் சொன்னார்.

இன்றைய பரிசலில் மூங்கில் இருக்கிறது. தோல்தான் இல்லை. பிளாஸ்டிக் தாளும் தாரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. தோலை எப்படி இழுத்துப் போர்த்துவது, கசியாமல் எப்படித் தைப்பது என்கிற கைவேலைக்கு இனி வேலை இல்லை.

போனால் போகட்டும், மிதந்தால் போதாதா என்கிறீர்களா? ஒரு கதை சொல்கிறேன்.

வடதுருவத்து இனுயிட் மக்களும் தோல் படகுக்காரர்கள்தான். மரம் வளராத பூமி. கடல் ஒதுக்கும் கட்டைகளைச் சட்டமாகக் கட்டி, சீல் தோலைப் போர்த்துவார்கள். தைப்பது பெண்கள். ஊசி தோலை முழுசாகத் துளைக்காது, பாதி ஆழத்தோடு திரும்பிவிடும். அதனால் தண்ணீர் நுழைய ஓட்டையே இருக்காது!

அவர்களுக்கு உறவுக்காரர்களான அலூட்டிக் மக்கள் வாழ்வது அலாஸ்காவின் கோடியாக் தீவில். 1784-ல் ரஷ்யர்கள் அங்கே காலூன்றினார்கள். அதன்பின் 'அங்யாக்' என்ற பெரிய தோல் படகு ஒழிந்தது, செய்யத் தெரிந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியவை மியூசியங்களில் கிடந்த குட்டி மாதிரிப் படகுகள். அதே தீவைச் சேர்ந்த மானுடவியலாளர் ஸ்வென் ஹாகான்சன் அவற்றை ஆராய்ந்தார். எந்தக் கட்டை எதோடு சேர்கிறது என்று பார்த்து, முதலில் சின்னதாகச் செய்தார். அப்புறம் 2010-களில் முழுப் படகே உருவானது. ஏறக்குறைய 200 வருஷம் கழித்து அங்யாக் மறுபடி தண்ணீரில் இறங்கியது. பொம்மை என்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால்?

நம் பக்கம் வருவோம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் ரோட்டில் போனால் கள்ளக்குறிச்சி. அந்த ஊர் மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலை செதுக்கும் அந்தக் கைகளுக்கு, ஒரு முழ அகலத்தில் தோல் பரிசல் மாதிரி செய்வது பெரிய காரியமா? மூங்கில் முடைபவர் ஒருவரும், தோல் தைக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அந்தப் பெரியவர் இருக்கும்போதே உட்கார வேண்டும். அவ்வளவுதான்.