வீடு கட்டுவோரும் குடிபுகுவோரும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில், சேலையூரைக் கடந்து வருவது ராஜகீழ்ப்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர் அது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. பின்னர் மாநகரம் பெருகப் பெருக, அதன் தெற்குப் புறத்துச் சிற்றூர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனைகளாக மாறின. வயல்வரப்பு இருந்த இடத்தில் தெருவும், களம் இருந்த இடத்தில் ‘நகர்’ என்ற பெயர்ப்பலகையும் தோன்றின. செம்பாக்கம் நகராட்சியில் அடங்கியிருந்த ராஜகீழ்ப்பாக்கம், 2021-இல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று.

இத்தகைய ஊர்களின் வரலாற்றை உரைப்போர், மனையை விற்றவரையும் வாங்கியவரையும் பற்றி உரைப்பர். அம்மனையிலே செங்கல் சுமந்தவரைக் குறித்து உரைப்பார் அரியர். விடுபட்டுப்போன அந்தப் பக்கத்தை நமக்கு எழுதிக் காட்டியது ஒரு திரைப்படம். பாலு மகேந்திரா இயக்கத்தில் 1988-இல் வெளிவந்த ‘வீடு’ என்பதே அது. அதன் தகுதியை அறிய, அதற்கு முன்னர் நம் குடும்பப் படங்கள் ஏழை செல்வர் என்னும் ஏற்றத்தாழ்வை எவ்வாறு காட்டின என்பதை முதலில் நோக்குவோம்.

1961-ஆம் ஆண்டு ஏ. பீம்சிங் இயக்கிய இரு படங்கள் தமிழகமெங்கும் பெருவெற்றி பெற்றன. அவற்றுள் ஒன்று ‘பாவ மன்னிப்பு’. இஸ்மாயில் என்னும் முஸ்லிம் பெரியவரின் வளர்ப்பு மகனான ரஹீமாக அதில் சிவாஜி கணேசன் நடித்தார். அப்படத்தின் பெருநாள் பாடலை டி. எம். சௌந்தரராஜனும் நம் நாகூர் ஈ. எம். ஹனிபாவும் இணைந்து பாடியதை நம் இல்லங்களில் அறியாதார் யார்? குப்பத்து ஏழைகளின் நிலத்தைக் கைப்பற்ற முனைகிறார் செல்வர் ஆளவந்தார். ஏழைகளுக்காக ரஹீம் எதிர்த்து நிற்கிறான். இது நிலத்துக்கான வழக்கு, உரிமைக்கான வழக்கு. ஆனால் கதை முடியும்போது ரஹீம் ஆளவந்தாரின் சொந்த மகன் என்பது வெளிப்படுகிறது. வழக்கு தந்தை மகன் உறவாக மாறுகிறது. கண்ணீரோடு மன்னிப்பும் கிட்டுகிறது.

மற்றது ‘பாசமலர்’. உழைப்பால் உயர்ந்து ஆலை முதலாளியான அண்ணன். அவனது ஆலையிலே தொழிலாளர்க்காகப் பேசும் இளைஞன். அவ்விளைஞனை விரும்பும் தங்கை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுந்த பிணக்கு, சிறிது நேரத்தில் அண்ணன் தங்கைப் பாசத்தின் பெருவெள்ளத்தில் கரைந்துவிடுகிறது.

இவ்விரு படங்களின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஏழையின் முறையீட்டை அவை திரையில் ஒலிக்கச் செய்தன. எனினும், அந்த முறையீட்டுக்கு அவை கண்ட தீர்வு உறவே. திருமணம் கூடினாலோ, இரத்த பந்தம் வெளிப்பட்டாலோ, செல்வர் மனம் மாறினாலோ ஏற்றத்தாழ்வு அகன்றுவிடும் என்ற நம்பிக்கையோடு மக்கள் கொட்டகையை விட்டு வெளியேறினர். மறுநாட் காலையில் ஆலைச் சங்கு முன்போலவே ஊதிற்று.

‘வீடு’ இந்த வழியில் செல்லவில்லை. இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த ஊரிற் பிறந்த பாலு மகேந்திரா, தம் இளமையில் தாயார் ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டைக் கண்டவர். அந்நினைவே இப்படத்துக்கு வித்தாயிற்று. பாடல்களே இல்லாத இப்படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கதாநாயகி அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது.

கதை எளியது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, தங்கையோடும் முதிய தாத்தாவோடும் வாடகை வீட்டில் வாழ்கிறாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இருந்த இரு மனைகளில் ஒன்றை விற்று, கடனும் பெற்று, மற்றதில் வீடு கட்டத் துணிகிறாள். வரைபட அனுமதிக்காக அலைகிறாள். காண்ட்ராக்டரோ சிமெண்டு மூட்டைகளைத் திருட்டுத்தனமாக விற்கிறார். அதைத் துணிந்து சுதாவிடம் சொல்பவள் சித்தாள் மங்கம்மா. காண்ட்ராக்டர் விலகிச் சென்றபின், அரைகுறையாய் நின்ற வேலையைத் தொடரத் தோள் கொடுப்பவளும் அவளே. முடிவில், அந்நிலம் குடிநீர்த் திட்டத்துக்காக முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்று அதிகாரி வந்து சொல்ல, சுதா நீதிமன்றப் படியேறுகிறாள்.

இப்படத்தை நடுத்தர வகுப்பாரின் துயரக்கதை என்று பலரும் போற்றினர். அது உண்மையே. ஆயினும் நாம் ஊன்றி நோக்கவேண்டியது மங்கம்மாவை. மனை, கடன், அனுமதி, வழக்கு எல்லாம் சுதாவுக்கு உரியவை. மங்கம்மாவுக்கு உரியது அன்றன்றைய கூலி. சுதாவுக்கு வீடு கிட்டுமா என்று கலங்கும் நாம், மங்கம்மாவின் குடியிருப்பு எங்கே என்று கேட்க மறந்துவிடுகிறோம். நம் மறதியும் அந்த ஏற்றத்தாழ்வின் ஒரு கூறுதான். இங்கே கொடிய செல்வர் எவருமில்லை. சுதாவும் வருந்தியே வாழ்பவள். ஆயினும், வருந்துகின்ற இருவருக்கிடையேயும் ஒரு சுவர் உண்டு என்பதை, எவரையும் தூற்றாமல் இப்படம் காட்டிவிடுகிறது. மங்கம்மாவாக நடித்தவர், குப்பை பொறுக்குவோரின் வாழ்வைச் சொன்ன ‘பசி’ (1979) படத்தால் பெயர் பெற்ற ‘பசி’ சத்யா என்பது ஈண்டு நினைக்கத் தகும்.

அன்றைய வளசரவாக்கத்தின் கதைதான் ராஜகீழ்ப்பாக்கத்தின் கதையும், செம்பாக்கத்தின் கதையும். வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்த நம் சபுராளிகளின் சம்பாத்தியமும் இத்தகைய புறநகர்களில் மனையாகவும் சுவராகவும் ஆகியிருக்கிறது. அந்தச் சுவரை எழுப்பியோர் கொத்தனாரும் சித்தாளும். சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றிச் சாரத்தில் ஏறும் பெண், ஆண்டுகள் பல ஆனாலும் சித்தாளாகவே இருக்கிறாள். கரணை பிடித்துக் கொத்தனாராகும் வாய்ப்பு அவளுக்கு அரிது. கூலியும் ஆணைவிடக் குறைவு.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996-இல் மத்திய அரசும் இவர்களுக்கெனத் தனிச்சட்டம் கொணர்ந்தது. ஆனால் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் தனிமனிதர் தம் குடியிருப்புக்கெனக் கட்டும் வீட்டை அச்சட்டம் விலக்கி வைத்தது. சுதா கட்டியதைப் போன்ற சிறுவீட்டின் வாசலிலேயே அது நின்றுவிட்டது. பெரிய கட்டடங்களின் நிலையோ? 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர் அவர்களுட் பலர். ஒருநாளும் தாம் குடிபுக முடியாத வீடுகளைக் கட்டும்போதே அவர்கள் உயிர் துறந்தனர்.

சட்டம் நின்றுவிடும் வாசலில் வீட்டுக்காரரின் மனச்சான்று தொடங்கவேண்டும். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்னும் நபிமொழியைக் கேளாத குடும்பம் நம்மிடையே இல்லை. ஆயினும் ‘மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டோம்’ என்ற சொல்லோடு நம் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். மேஸ்திரி சித்தாளுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டறிதல், சாரம் உறுதியாக உள்ளதா என்று பார்த்தல், உச்சிவெயிலில் ஒதுங்க நிழலும் குடிக்க நீரும் அளித்தல், நலவாரியத்தில் பெயர் பதிய உதவுதல், இவற்றால் வீட்டின் செலவு எவ்வளவு கூடிவிடும்? ஒரு தளத்துக்குப் பதிக்கும் சலவைக்கல்லின் விலைகூட ஆகாது.

ராஜகீழ்ப்பாக்கத்திலும் அதுபோன்ற ஊர்களிலும் புதுவீடுகள் இன்னும் எழுகின்றன. குடிபுகும் நாளில் உற்றாரும் சுற்றாரும் கூடுவர், விருந்து நடக்கும். அந்தப் பந்தியில் முதல் வரிசையில் அமர்த்தவேண்டியவர், கடைக்கால் தோண்டிய நாள்முதல் அங்கே உழைத்தவர். அடுத்து வீடு கட்டவிருக்கும் குடும்பத்தார் இதனை முன்கூட்டியே பேசி முடிவு செய்வார்களாக.