தலைக்கட்டு வரி

சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களின் கிராமங்களில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டும் காலம் நெருங்கினால், ஊர்ப்பெரியவர்கள் கோயில் முன்னே கூடி, மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, கூழுக்கும் பூசாரிக்கும் இவ்வளவு என்று செலவைக் கூட்டி, ஊரிலுள்ள தலைக்கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, வீட்டுக்கு இன்ன தொகை என்று சாற்றுவது நெடுங்கால வழக்கம். கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டிய ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. விதவைக்குப் பாதி, சில ஊர்களில் முழுவதுமே தள்ளுபடி. குறித்த நாளுக்குள் கொடாத வீட்டின் மாவிளக்கை அம்மன் சந்நிதியில் ஏற்க மாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டு வாசலில் ஊர் வந்து நிற்காது.

இந்த வரியைப் பக்திச் செலவு என்று மட்டும் கருதுவது தவறு என்பது என் அபிப்பிராயம். அம்மனின் பெயரையே நோய்க்குச் சூட்டிய ஜனங்கள் அவர்கள். அம்மை வார்த்த வீட்டில் வேப்பிலை செருகுவதும், அந்நியரை உள்ளே விடாததும், தலைக்கு நீர் விடும் வரையில் அவ்வீட்டார் வெளியூர் போகாதிருப்பதுமாகிய கட்டுப்பாடுகளும், அந்தக் கட்டுப்பாடுகளுக்கு அதிதேவதையான அம்மனின் நோன்பும் சேர்ந்ததுதான் ஒரு காலத்தில் கிராமத்தின் சுகாதார இலாகா. "என் வீட்டில் போன வருஷமே அம்மை வார்த்துவிட்டது, இனி எங்களுக்கு வராது, ஆகவே இந்த வருஷம் வரி கொடேன்" என்று ஒருவன் சொல்லியிருப்பானாகில், வைத்திய சாஸ்திரப்படி அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருந்திருக்கும். ஆனால் ஊர் அதைக் காதில் வாங்கியிராது.

பொது வைத்தியச் செலவுக்குக் கொடுப்பதிலிருந்து விரும்பியவன் விலகிக்கொள்ளலாமா என்ற வினா, மேல்நாட்டு அரசியல் மேடைகளிலிருந்து இறக்குமதியானது போலத் தோன்றினாலும், உண்மையில் கோயில் திண்ணையில் பலமுறை விசாரிக்கப்பட்ட பழைய வழக்குத்தான். அதன் பிற்காலச் சரித்திரத்தைக் காண்பதற்குக் காவிரிக் காட்டோரத்துக் கோபிநத்தத்தை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை; ஏனெனில் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போன ஊர் அது.

கோபிநத்தத்தார் பேசுவது தமிழ். 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கும்பினியார் கைக்கு வந்த கொள்ளேகால் தாலுகா, கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்னை ராஜதானியில் இருந்தது. மைசூர் மகாராஜாவின் எல்லைக்குள் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு 1929ல் மண்டியாவில் சுகாதார நிலையம் எழுந்தபோது, இவர்கள் மைசூர்ப் பிரஜைகளாக இல்லை; சென்னையின் வரி வழியில் நின்றார்கள். அந்த வழி 1871ம் வருஷத்து லோக்கல் பண்டு சட்டத்திலிருந்து தொடங்குகிறது. நிலத்தீர்வையோடு ஒட்டி வசூலான அந்தச் செஸ்ஸிலிருந்துதான் சாலையும், பள்ளிக்கூடமும், அம்மை குத்துபவரின் சம்பளமும், தாலுகாக் கஸ்பாவின் ஆஸ்பத்திரியும் நடந்தன. 'லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி' என்ற சொற்றொடரைப் பழையவர்கள் வாயில் இன்றும் கேட்கலாம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மலையையும் காட்டையும் கடந்து போக வேண்டிய குடியானவனும், ஆஸ்பத்திரியின் அண்டை வீட்டுக்காரனும் ஒரே விகிதத்தில்தான் கட்டினார்கள். மணியக்காரரிடம் போய், எனக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளும் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

1939ம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நகரசபைகள் தங்கள் சொந்த வருமானத்தில் நூற்றுக்கு 30க்குக் குறையாமலும், ஜில்லா போர்டுகள் நூற்றுக்கு 12½க்குக் குறையாமலும் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியாக வேண்டும் என்று அது விதித்தது. குடிஜனங்கள் கொடுக்க மறுக்கக் கூடாது என்பது முந்திய சட்டம். வாங்கிய போர்டு வேறு காரியத்துக்கு அதைச் செலவழிக்கக் கூடாது என்பது இது. இவ்விரண்டில் பின்னதே அருமையானது என்பேன். சில வருஷங்களுக்குப் பின், ஸர் ஜோசப் போர் தலைமையில், டாக்டர் ஆ. லக்ஷ்மணசுவாமி முதலியாரையும் அங்கத்தினராகக் கொண்ட கமிட்டி 1946ல் வெளியிட்ட அறிக்கை, வைத்தியம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், வசதியுள்ளவன் தன் பங்கை ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, வரியாகவே செலுத்தட்டும் என்று திட்டமாகச் சொல்லிற்று. வாசலில் பணம் கேட்கத் தொடங்கினால் பணமில்லாதவன் வாசலோடு திரும்பிவிடுவான் என்பதைக் கிராமத்தில் ஒரு நாள் தங்கியவர்களும் அறிவார்கள்.

1956 நவம்பர் 1ந் தேதி மொழிவாரி எல்லை வகுக்கப்பட்டபோது கொள்ளேகால் மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று, கோபிநத்தமும் போயிற்று. இன்று அது மைசூர் வருவாய்ப் பிரிவைச் சேர்ந்த, 1997ல் பிரிந்த சாமராஜநகர் ஜில்லாவுக்கு உட்பட்டது. ஊரின் பெயரைப் பத்திரிகைகள் அறிந்ததெல்லாம் அங்கே பிறந்த சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனால்தான். ஆனால் அதே ஊரில் வேறொரு பெயரும் வழங்குகிறது. வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ், துப்பாக்கியினால் மட்டும் காடு அடங்காது என்று கண்டு, குடிநீருக்கும் மருந்துக்கும் சாலைக்கும் அலைந்து, ஊராருக்கு மாரியம்மன் கோயில் எழுப்பவும் துணை நின்றார். 1991 நவம்பர் 10ந் தேதி வீரப்பன் அவரைக் கொன்றான். சர்க்கார் மறுவருஷம் கீர்த்தி சக்ரம் அளித்தது. வரி வாங்கியும் வராதிருந்த மருந்து, இலாகாவே வேறான ஒரு தனி மனிதரின் கருணையால் வந்தது என்பதை நினைக்கும்போது, விலகுபவர்களைக் குறை சொல்லுமுன் வசூலிப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது.

விலகும் உரிமையைப் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பு கர்நாடகத்துக்கு 2003ல் கிடைத்தது. டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையில் பிறந்த யஷஸ்வினி என்ற கூட்டுறவு வைத்தியத் திட்டம் அவ்வருஷம் ஜூன் 1ந் தேதி நடப்புக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கத்து விவசாயி வருஷத்துக்கு 60 ரூபாய், அதாவது மாதம் ஐந்து ரூபாய், செலுத்தினால், பட்டியலில் கண்ட ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சத்திர சிகிச்சைகளில் எதுவானாலும் ஒப்பந்த ஆஸ்பத்திரியில் ரொக்கம் கொடாமல் செய்துகொள்ளலாம் என்றிருந்தது. திட்டத்தை வகுத்தவர்களுக்குக் காடும் கழனியும் தெரியும் என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு: பாம்புக்கடியையும், மாடு முட்டிய காயத்தையும், ஏர்க்கருவி பட்ட காயத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

அதில் கட்டாயம் கிடையாது. சேர்வதும் நிற்பதும் அவரவர் இஷ்டம். முதல் வருஷம் சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் வருஷம் சுமார் 21 லட்சம். மூன்றாம் வருஷம் சந்தாவை 120 ரூபாயாக்கினார்கள். சேர்ந்தவர் தொகை 15 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. அறுபது ரூபாய் உயர்வில் ஆறு லட்சத்துக்கு மேல் விலகினார்கள் என்றால், விலகியவர்கள் யார்? சட்டைப் பையில் ஆபரேஷன் சீட்டு வைத்திருந்தவன் விலகியிருக்க மாட்டான். வயல் வேலைக்குப் போகும் உடம்புக்காரனே, இந்த வருஷம் நமக்கென்ன வந்துவிடப் போகிறது என்று சங்கக் காரியதரிசியிடம் கையை விரித்திருப்பான். நோயாளி தங்கி, திடகாத்திரன் வெளியேறும் நிதிக்கு வரவு சுருங்கிச் செலவு பெருகும். அந்த இடைவெளியைச் சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து நிரப்ப வேண்டியதாயிற்று. பொக்கிஷத்துப் பணமோ எல்லாருடைய வரியுமாகையால், விலகியவனும் சுற்றுவழியில் கட்டியவனே ஆனான். அவனுக்கு மிஞ்சிய லாபம், மாடு முட்டினால் படுக்க ஒரு கட்டில் இல்லாமற் போனது ஒன்றுதான். யஷஸ்வினி பின்னர்த் தலையெடுத்து வளர்ந்து, 2018ல் ஆரோக்கிய கர்நாடகத்தில் கலந்து, 2022ல் கிராமத்துக் குடும்பத்துக்கு 500 ரூபாய் என்ற கணக்கில் திரும்ப உயிர் பெற்றது.

தொழிலாளர்களின் இ.எஸ்.ஐ. நிதிக்கும் இதே சோதனையை வைக்கும் யோசனை 2015ம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் எழுந்தது. இ.எஸ்.ஐ. அல்லது அங்கீகாரம் பெற்ற ஒரு காப்பீடு, எது வேண்டுமோ தொழிலாளியே தேர்ந்துகொள்ளட்டும் என்றார் அப்போதைய நிதி மந்திரி அருண் ஜேட்லி, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அவர்கள் சிலி தேசத்தின் கதையை அறிந்திருந்தார்களோ என்னவோ. அங்கே 1981ல் கட்டாயச் சுகாதாரச் சந்தாவைச் சர்க்கார் நிதிக்கோ தனியார் கம்பெனிக்கோ கொடுக்கலாம் என்று திறந்துவிட்டதும், வாலிபரும் சம்பளக்காரரும் கம்பெனிகளை நாட, கிழவரும் ஏழைகளும் சர்க்கார் நிதியில் எஞ்சினார்கள். இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 முதல் நடக்கும் தேசியச் சுகாதார சேவையோ வேறு மாதிரி: பணம் கொடுத்துத் தனி வைத்தியரிடம் போக எவனுக்கும் தடையில்லை, ஆனால் அதைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளப் பொதுவாக இயலாது. வேறு கோயிலுக்குப் போய்க்கொள், ஊர்வரியைக் கொடுத்துவிட்டுப் போ என்ற நம் திண்ணைத் தீர்ப்பு அது.

ஆனால் கோபிநத்தத்தில் வழக்கு தலைகீழாக நிற்கிறது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. கொளத்தூரும் மேட்டூரும் அந்தப் பக்கம். உறவும் சந்தையும் அங்கே இருப்பதால் நோயும் அங்கேதான் போகிறது. வாங்கும் சாமானுக்கு வரி இரண்டு ராஜ்யங்களிலும் கொடுக்கிறார்கள், வோட்டு ஒன்றில். அங்குள்ள ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டு எழுதுகிறவர் பெயரும் வயதும் ஊரும் கேட்டு, 'அந்தப் பக்கமா?' என்று சிரித்து, எழுதிக் கொடுத்துவிடுகிறார். சத்திர சிகிச்சை என்று வரும்போதுதான், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பதியும் மேஜைக்குப் போகச் சொல்கிறார்கள். அந்தத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு. கன்னட எழுத்தில் அச்சிட்ட தங்கள் ரேஷன் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பதில் வருவதற்கு முன்பே அதை எடுத்து மஞ்சள் பைக்குள் மடித்துக்கொள்வார்கள். கொள்ளேகாலுக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று அங்கேயே ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.