மாணிக்கவேலு நாயக்கரும் நெய்வேலி நிலமும்

நெய்வேலியின் பிறப்பைப் பேசும்போது நாம் சில பெயர்களைத் தவறாமல் சொல்கிறோம். தன் நிலத்தில் கருநிறப் பொருளை, அதாவது பழுப்பு நிலக்கரியை, கண்டு அரசுக்குத் தெரிவித்த ஜம்புலிங்க முதலியார், திட்டத்துக்காக டெல்லியை விடாமல் வலியுறுத்திய காமராஜர், 1957 மே 20 அன்று சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த நேரு. நான்காவதாக ஒரு பெயரையும் சொல்லலாம் என்பது என் கருத்து. சுரங்கம் வெட்டுமுன் நிலம் கைக்கு வந்தாக வேண்டும். நிலம் எடுப்பது வருவாய்த்துறையின் வேலை. ராஜாஜி, காமராஜர் இருவரின் அமைச்சரவையிலும் அத்துறையைக் கவனித்தவர் வடார்க்காட்டு வழக்கறிஞர் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர்.

அவர் காங்கிரஸ் வழியாக அந்த நாற்காலிக்கு வரவில்லை. 1952 தேர்தலில் வன்னியர்களுக்குக் காங்கிரஸ் போதிய இடம் தராது என்ற மனக்குறையில் இரண்டு கட்சிகள் முளைத்தன. தென்னார்க்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. வடார்க்காடு, செங்கற்பட்டுப் பக்கம் மாணிக்கவேலரின் காமன்வீல் கட்சி. சட்டமன்றத்தில் முன்னதற்கு 19 இடம், பின்னதற்கு 6. மொத்தம் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152தான் என்பதால் அந்த ஆறுக்கும் விலை இருந்தது. மாணிக்கவேலர் முதல்வர் ராஜாஜியோடு சேர்ந்து அமைச்சரானார். 1954இல் காமராஜர் முதல்வரானபோது படையாட்சியாரும் அமைச்சரவைக்குள் வந்தார். இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. தேர்தலில் அவர்களை ஆதரித்திருந்த தி.மு.க.வுக்குக் கசப்பே மிஞ்சியது.

அரசியலில் ஏறும் ஏணி ஊருக்கு ஊர் வேறு. நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி வயல்களை அருகில் கொண்ட ஜெர்மனியின் கொலோன் நகரில் கான்ராட் அடெனாவர் என்ற வழக்கறிஞர் 1906இல் நகராட்சிப் பணியில் நுழைந்து, 1917 முதல் 1933 வரை மேயராக இருந்து, நாஜிகளால் நீக்கப்பட்டு, 1949இல் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சரானார். அங்கே ஏணி நகர மன்றம். இங்கே 1950களில் அது சாதிச் சங்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வட தமிழகத்துச் சிறு உழவர்களுக்குச் சட்டமன்றத்தின் கதவைத் தட்ட அன்று வேறு கை ஏது?

கதவைத் திறந்து உள்ளே போனவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. பதில் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்: வாரதாரருக்கு விளைச்சலில் 40 விழுக்காடு. 1955இல் பயிரிடும் குத்தகைதாரரை வெளியேற்றத் தடை. 1956இல் நியாயக் குத்தகை. 1960இல் அவர் கொண்டுவந்த நில உச்சவரம்பு மசோதா 1961இல் சட்டமானது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். விதிவிலக்குகளோ ஏராளம், பினாமி மாற்றத்துக்கு நேரமும் தாராளம். இந்தச் சட்டத்தை நான் அவருடைய வெற்றியாக எண்ணுவதில்லை. முந்தையவை வேறு, அவை உழுகிறவன் பக்கம் நின்றவை.

நெய்வேலிக்கென்றே இயற்றிய சட்டம் மட்டும் வேறு பக்கம் நின்றது. ராஜாஜி ஆட்சியில் வந்த 1953ஆம் ஆண்டின் சென்னை லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) நில எடுப்புச் சட்டம், கடலூர், விருத்தாசலம் பகுதிச் செம்மண் நிலத்துக்கு, எடுக்கும் நாளின் சந்தை விலையைத் தரவில்லை. 1947ஆம் ஆண்டின் விலையைத்தான் ஈடாக வைத்தது. மண்ணுக்குள் நிலக்கரி இருப்பது ஊருக்குத் தெரிந்தபின் விலை ஏறும், அந்த ஏற்றத்தை அரசு ஏன் சுமக்க வேண்டும் என்ற வாதம் புரிகிறது. ஊக வணிகனைத் தடுக்க அது சரியான வாதமும்கூட. ஆனால் மல்லாட்டை விதைத்தும் முந்திரி வைத்தும் வாழ்ந்த குடியானவன் அந்தப் பணத்தைக் கொண்டு பக்கத்து ஊரில் நிலம் வாங்கப் போனபோது, அவனிடம் 1947 விலைக்கு யார் விற்பார்கள்?

நில உடைமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உரிமையாளர் இழந்ததற்கு நேரான ஈட்டையே அரசியல் சட்டத்தில் அப்போதிருந்த 31ஆவது பிரிவு கோரியது, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியில் விலையைக் கட்டிப்போடுவது அதற்கு முரண் என்று சென்னை அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. அது 1964. அதற்குள் 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1961இல் நிலக்கரி தட்டுப்பட்டு, 1962இல் மின்சாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. 1955இன் நான்காவது திருத்தம் ஈட்டின் அளவை நீதிமன்றம் ஆராய முடியாமல் செய்திருந்தது. 1953இன் சட்டம் அதற்கு முந்தியது என்பதால்தான் உடைமையாளர்களின் வழக்கு வென்றது. வருவாய்த்துறைக்கு ஒரு வழக்கறிஞர் அமைச்சராக இருந்தும் சட்டத்தின் இந்த ஓட்டை அடைபடவில்லை.

தீர்ப்பு வந்த அதே 1964இல் மாணிக்கவேலர் சட்ட மேலவைத் தலைவரானார். 1970 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் விலகிய ஆண்டில்தான் தி.மு.க. அரசு உச்சவரம்பை 30இலிருந்து 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது.