இரண்டு படிக்கு நடுவில் பத்துப் படி

ராமானுஜன் என்றதும் நம்ம ஆட்களுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும்: 1729, நாமகிரித் தாயார், ஹார்டி. முதலாவது டாக்ஸி நம்பர். இரண்டாவது கனவில் வந்து சூத்திரம் சொன்ன தெய்வம். மூன்றாவது, "கண்டுபிடித்த" வெள்ளைக்காரர். இந்த மூன்றையும் வைத்தே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். பெயர் எம்.டி. நாராயண ஐயங்கார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ராமானுஜனின் முதலாவது ஆய்வுக் கட்டுரையை வாசித்துவிட்டு, "விளங்கல, திரும்ப எழுதுங்க" என்று சொன்னவர். அதுவும் ஒருமுறை அல்ல.

அந்தக் கட்டுரை ஏன் விளங்கவில்லை என்பதற்கு முதலில் ராமானுஜன் எப்படிப் படித்தார் என்று பார்க்கணும். 1903 அளவில், கும்பகோணத்தில், பதினைந்து பதினாறு வயதில், அவர் கையில் ஜோர்ஜ் கார் என்பவரின் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திய ஆசிரியர். புத்தகத்தில் சுமார் 5000 முடிவுகள் வரிசையாக இருந்தன. நிறுவல் இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நம்ம பாஷையில் சொன்னால் டியூஷன் ஷோர்ட் நோட்ஸ். ராமானுஜன் அந்த நோட்ஸைப் பார்த்தே கணிதம் எழுதப் பழகினார். முடிவை எழுது, அடுத்ததுக்குப் போ. இரண்டு கல்லூரி மாறியும் எஃப்.ஏ. பரீட்சையில் சித்தியடையாததால், ஒழுங்காக வாசித்துத் திருத்தும் ஆசிரியரும் அவருக்கு வாய்க்கவில்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தன.

அதே காலத்தில் இந்தியாவில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. 1907 இல் வி. ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். இவர் துணைக் கலெக்டர். கணிதம் அவருக்கு வேலை முடிந்த பிறகு செய்யும் காரியம். வெளிநாட்டுச் சஞ்சிகைகளைத் தனித்தனியாக வாங்க யாருக்கும் வசதியில்லை. எனவே கூட்டாக வாங்கி ஒருவருக்கொருவர் அனுப்பி வாசிக்கலாம் என்பதே தொடக்க யோசனை. பிறகு கழகம் தனக்கென்று ஒரு சஞ்சிகையையும் தொடங்கியது. அதன் ஆசிரியர்தான் நாராயண ஐயங்கார். 1910 இல் ராமானுஜன் கிளார்க் வேலை கேட்டுத் திருக்கோயிலூருக்கு ராமசாமி ஐயரிடம் போனார். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையைத் தாலுகா ஆபீஸில் உட்காரவைப்பது பாவம் என்று நினைத்து, சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

1911 இல் அந்தச் சஞ்சிகையில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி போட்டார். 289 ஆவது கேள்வி:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) இன் பெறுமானம் என்ன?

ஆறு மாதம் போனது. ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே விடை கொடுத்தார்: 3. பார்க்கப் பயமாக இருந்தாலும் வழி சுலபம். 3 இன் வர்க்கம் 9, அதாவது 1 + 2×4. 4 இன் வர்க்கம் 16, அதாவது 1 + 3×5. 5 இன் வர்க்கம் 25, அதாவது 1 + 4×6. ஆகவே 3 என்பது √(1 + 2×4). அந்த 4 இருக்கும் இடத்தில் √(1 + 3×5) ஐப் போடுங்க, 5 இருக்கும் இடத்தில் √(1 + 4×6). இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்.

அழகுதான். ஆனா இதில் ஒரு ஓட்டை இருக்கு. 3 க்குப் பதிலாக 4 இல் தொடங்கிப் பாருங்க. 16 = 1 + 2×(15/2). 15/2 இன் வர்க்கம் 225/4. அது 1 + 3×(221/12). இதையும் அதே மாதிரி இழுத்துக்கொண்டே போகலாம். அப்ப விடை 4 என்றும் சொல்லலாமா? முடியாது. உள்ளே கடைசியில் மிஞ்சும் எண் முதல் வழியில் 4, 5, 6 என்று மெதுவாக வளருது. இரண்டாவது வழியில் கட்டுமீறி வளருது. அந்த வால் சின்னதாக இருந்தால்தான் அதை வெட்டிவிட்டாலும் விடை மாறாது. ராமானுஜனின் விடை சரி, ஆனால் ஏன் சரி என்ற இந்தப் படி அவர் எழுதியதில் இல்லை. இப்படியான அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஒரு நிச்சயமான பெறுமானத்தில் போய் நிற்கும் என்பதற்கு டி. விஜயராகவன் தந்த விதி, 1927 இல் வெளிவந்த ராமானுஜன் ஆய்வுத் தொகுப்பின் குறிப்புகளில் சேர்ந்தது. அப்போது ராமானுஜன் இறந்து ஏழு வருடம்.

289 ஆவது கேள்விக்குக் கிடைத்தது மௌனம். அதே 1911 இல் வந்த முழுக் கட்டுரைக்கு அப்படி நடக்கவில்லை. அது பேர்னூலி எண்களைப் பற்றி 17 பக்கம். 1 இலிருந்து 10 வரை கூட்டினால் 55, வர்க்கங்களைக் கூட்டினால் 385 என்று ஸ்கூலில் சூத்திரம் போட்டுச் செய்திருப்போம். கனம், நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு என்று எதற்கும் சூத்திரம் கட்ட உதவும் எண்கள்தான் இவை: 1/6, −1/30, 1/42 என்று போகும். யாகோப் பேர்னூலியின் புத்தகத்தில் 1713 இல் வந்தவை. ராமானுஜன் இவற்றின் இயல்புகளைத் தன் முறையில் எழுதி அனுப்பினார்.

நாராயண ஐயங்காருக்கு முன்னால் இரண்டு சுலபமான வழி இருந்தது. பரீட்சையில் தோற்ற, பெயர் தெரியாத ஒரு இளைஞனின் கடதாசி என்று ஒதுக்கலாம். அல்லது "பெரிய மூளை போல" என்று அப்படியே அச்சிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கட்டுரை மூன்று முறை சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் போய்வந்தது. முறைகள் புதியவை, ஆனால் மிகவும் சுருக்கம். சொல்வதில் தெளிவும் துல்லியமும் போதாது. சாதாரண வாசகரால் பின்தொடர முடியாது. இதுதான் அவருடைய குறை. ராமானுஜனின் திறமையில் அவர் குறை சொல்லவில்லை, வாசகருக்காகத்தான் பேசினார்.

அந்த மூன்று சுற்றும் எல்லாப் பிழையையும் பிடிக்கவுமில்லை. பேர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி எண் முதன்மை எண்ணாக இருக்கும் என்று கட்டுரையில் ஒரு கூற்று இருக்கிறது. 12 க்கு 691, 16 க்கு 3617, 18 க்கு 43867. எல்லாம் முதன்மை எண்கள், ஆகவே நம்பத்தான் தோணும். 20 இல் உடையுது: 174611 = 283 × 617. எழுதியவர் தவறவிட்டார், திருத்தியவரும் தவறவிட்டார். நல்ல வாசகர் இருந்தால் பிழையே வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் படிகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால்தான் பிற்காலத்தில் வருபவராவது எது நிறுவியது, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கலாம்.

1912 இல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் ஆனார். அங்கே மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் (பெங்களூர்க்காரர் ஐயங்கார், இவர் ஐயர், குழப்ப வேண்டாம்). இவரும் கணிதக் கழகத்துக்காரர். இரவில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். உன் இரண்டு படிக்கு நடுவில் குறைந்தது பத்துப் படியாவது எழுது, மற்றவர்களுக்குக் காட்டப்போகும்போது என் மட்டத்துக்கு இறங்கி வா என்று ராமானுஜனிடம் சொல்வாராம். இது இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறதே, எதற்கு என்று ராமானுஜன் கேட்பாராம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயிலில் வந்தவங்களுக்கு இந்தச் சண்டை சட்டென்று விளங்கும். ரம்புக்கனையிலிருந்து மலைக்கு மேலே பறவைக்கு நேர்வழி உண்டு. ரயிலுக்கு இல்லை. வளைந்து, சுரங்கம் புகுந்து, 45 அடி போனால் 1 அடி ஏறும் மாதிரிப் பாதை போட்டதால்தான் 1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. ராமானுஜன் பறந்தார். நாராயண ஐயர் பாதை போடச் சொன்னார்.

அடுத்த கட்டம் லண்டன். 1912 கடைசியில் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், ராமானுஜனின் வேலையை லண்டனில் எம்.ஜே.எம். ஹில் என்பவருக்கு அனுப்பினார். கூட்டக்கூட்ட எல்லையில்லாமல் வளரும் தொடர்களில் இவர் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று ஹில் எழுதி, படிக்க ஒரு புத்தகமும் சொன்னார். 1+2+3+4+… = −1/12 என்று ஒரு கடதாசியில் இருந்தால் யாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஹில் அக்கறையாகத்தான் பதில் எழுதினார். ஆனால் இதற்குப் பின்னால் வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று கேட்கவில்லை. (இருந்தது, அந்த −1/12 கூட முதலாவது பேர்னூலி எண்ணான 1/6 இலிருந்து வருவதுதான்.) கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹொப்சன் இருவரிடமிருந்தும் ஊக்கமான பதில் வரவில்லை. 1913 ஜனவரி 16 இல் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி பெப்ரவரி 8 இல் பதில் போட்டார். ஏற்கெனவே தெரிந்தவை, புதியவை ஆனால் அவ்வளவு முக்கியமில்லாதவை, புதியவை முக்கியமானவை என்று மூன்றாகப் பிரித்து, நிறுவல்களை அனுப்பச் சொன்னார். நிறுவலைக் காட்டினால் நீங்களும் லண்டன் பேராசிரியர் மாதிரித்தான் சொல்வீர்கள் என்று ராமானுஜன் தயங்கினார். ஒரு அரைகுறை வாசிப்பு எவ்வளவு காயப்படுத்தும் என்பது அந்தத் தயக்கத்தில் தெரியுது.

ஹார்டியின் பங்கு பெரியது, அதை யாரும் மறுக்கல. ஆனால் ஹார்டி கேட்ட "எப்படி?" என்ற கேள்வியை, பெங்களூரிலும் சென்னைத் துறைமுகத்திலும் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். வரலாறு படிக்கிற ஒருத்தியாக எனக்கு இது முக்கியம். கனவு, தெய்வம், கேம்பிரிட்ஜ் என்று கதையைச் சொல்லும்போது, நடுவில் உட்கார்ந்து வாசித்த நம்ம ஊர் ஆட்களின் உழைப்பு அழிந்துபோகுது. கூடவே ஒரு பொய்யும் பரவுது: திறமை இருந்தால் தனியாகவே போதும், இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம் என்று.

நம்ம பெச்சில் யாராவது ஒரு கட்டுரையை அனுப்பினால் வழக்கமாக இரண்டு பதில்தான். ஒன்று "சூப்பர் மச்சான்", மற்றது நீல டிக் மட்டும். முதலாவது அப்படியே அச்சிடுவது, இரண்டாவது 289 ஆவது கேள்விக்கு நடந்தது. மூன்றாவதாக ஒன்று செய்யலாம். வாசித்துக்கொண்டு போகும்போது எந்த வரியில் நின்றோம் என்று குறித்து, "இந்த இடத்தில் விட்டுட்டேன், இங்கே ஒரு படி எழுது" என்று சொல்வது. அதற்குப் பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. மேதையாகவும் இருக்கத் தேவையில்லை. உண்மையில் வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதினவருக்குக் கோபம் வரும்தான். ஆனால் மூன்றாவது முறை அனுப்பும் பிரதியை மற்றவங்களும் வாசிக்கலாம்.