மெருகிடும் தோலும் அதன் அழுக்கும்

நன்றாக மெருகிட்ட கறுப்புக் கார் ஒன்று இரவில் தெருவிளக்கின் கீழ் நிற்கும்போது, அதன் கூரையைச் சற்று உற்றுப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். உண்மையில் அக்கீறல்கள் வட்டமானவை அல்ல; எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுபவை. அவற்றுள் விளக்கின் ஒளியை நம் கண் பக்கம் திருப்பும் வகையில் அமைந்தவை மட்டுமே மின்னுகின்றன. அதனால்தான் வட்டம் போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

இக்கீறல்களைப் போட்டது யார்? பெரும்பாலும், காரைப் பளபளப்பாக்கவென்று எடுத்த துணியோ, தோலோ, நுரைப்பஞ்சுத் திண்டோதான்! தெருப்புழுதியில் மணல் துகள்கள் மிகுதி. மணலில் உள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவில் 7. காரின் வண்ணப்பூச்சு இதைவிட மிக மென்மையானது. மெருகிடும் திண்டில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டாலும் போதும். நாம் தேய்க்கத் தேய்க்க அது கோடு போட்டுக்கொண்டே போகும்.

மெருகு என்பது என்ன?

இக்கேள்விக்கு விடை காண அறிவியலறிஞர் நெடுங்காலம் முயன்றனர். 1704-இல் வெளியான ‘ஒளியியல்’ என்னும் நூலில் நியூட்டன், மெருகிடுதல் என்பதும் கீறுதலே என்றார். நுண்பொடிகளால் தேய்க்கும்போது பெரிய கீறல்கள் மறைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய கீறல்கள் எஞ்சுகின்றன என்பது அவர் கருத்து. இன்றைய மொழியில் சொல்வதானால், ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளங்கள் இதனினும் மிகச் சிறியவையானால் ஒளி சிதறாமல் ஒழுங்காகத் திரும்புகிறது; அப்பரப்பு பளபளக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அறிஞர் ஜார்ஜ் பெய்ல்பி வேறொரு விளக்கம் தந்தார். தேய்க்கும்போது மேற்பரப்பு மெல்லிய படலமாக நகர்ந்து பள்ளங்களை நிரப்புகிறது என்றார் அவர். 1930-களில் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பௌடன், உராய்வினால் பிறக்கும் வெப்பத்திற்கும் இதில் பங்கு உண்டு எனக் காட்டினார். பின்னர் நடந்த ஆய்வுகளோ, பல பொருள்களில் நுண்ணிய தேய்மானமே முதன்மையானது என்று தெரிவித்தன.

இவ்விரு வழிகளையும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிலில் நேரில் காணலாம். உப்புத்தாள் சுற்றிய உருளையில் தோலைத் தேய்த்துச் சமப்படுத்துவது ஒரு வழி. கண்ணாடி உருளையால் தோலை அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்கும் ‘கிளேசிங்’ மற்றொரு வழி. முன்னதில் தேய்மானம், பின்னதில் அழுத்தமும் உராய்வும்.

தோலே திண்டானது

மெருகிடப்படும் தோலே மெருகிடும் கருவியாகவும் ஆவதுண்டு. ஷாமாய்த் தோல் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆடு போன்ற ஒரு விலங்கின் பெயர் அது. பிற்காலத்தில் செம்மறியாட்டுத் தோலின் உட்பக்கத்தை மீன் எண்ணெயால் பதனிட்டு இதைச் செய்யலாயினர். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து தோலின் நார்களைப் பதப்படுத்துகிறது. நார்களுக்கிடையே எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதால், தந்துகிக் கவர்ச்சியால் இத்தோல் நீரை விரைந்து உறிஞ்சும். பிழிந்தால் திருப்பித் தந்துவிடும். கார் துடைக்க இதைவிட ஏற்றது வேறேது?

எல்லாத் தோலும் வெந்நீரைத் தாங்காது. குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோல் கொதிநீரிலும் சுருங்காது; பதனிடுதல் முற்றுப்பெற்றதா என்பதை ஆலைகளில் இவ்வாறே சோதிக்கின்றனர். ஆவாரம் பட்டையால் பதனிட்ட நம் பழைய வகைத் தோலும் சரி, ஷாமாயும் சரி, கொதிநீரில் சுருங்கிவிடும்.

1920-கள் வரை கார்களுக்குப் பூசிய வார்னிஷ் உலர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. 1924-ஆம் ஆண்டு மாதிரி ஓக்லண்ட் கார்களில் ‘டியூக்கோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வந்தது. இது விரைவில் உலர்ந்தது. ஆனால் தேய்த்து மெருகிட்டால்தான் பளபளத்தது. இத்தகைய வேலைக்கு உரோமம் நீக்காத ஆட்டுத்தோல் திண்டுகள் பயன்பட்டன. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டறிந்தார். அதிலிருந்து உருவான நுரைப்பஞ்சே இன்றைய மெருகுத் திண்டுகளில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள்.

கழுவும் முறையும் காரணமும்

மெருகுக் குழம்பு காய்வதற்கு முன்பே திண்டைக் கழுவிவிடுங்கள். காய்ந்த குழம்பு துளைகளை அடைத்துத் திண்டைக் கடினமாக்கும். நுரைப்பஞ்சை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சோப்பிலும் அமுக்கி அமுக்கிக் கழுவுக; முறுக்கிப் பிழிந்தால் அது கிழியும். உரோமத் திண்டுக்கு வெந்நீர் ஆகாது. உரோமத்தின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரண்டுவிடும். ஷாமாய்க்குக் காரமான சலவைத்தூள் கூடாது. அது எண்ணெயைப் பறித்துவிடும். எதையும் நிழலிலேயே உலர்த்துக. தரையில் விழுந்த திண்டை மீண்டும் கழுவாமல் எடுத்துத் தேய்க்காதீர்கள்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

இங்கு ஒன்றை மறக்கலாகாது. கழுவுவதால் அழுக்கு அழிவதில்லை; திண்டிலிருந்து நீருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. இதன் விலையைப் பாலாற்றங்கரை மக்கள் நன்கறிவர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்ற இவ்வழக்கு வழிகோலிற்று. ஆலையின் கழிவோடு நம் வாளி நீரை ஒப்பிட இயலாதுதான். எனினும் விதி ஒன்றே.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். திண்டு கழுவிய நீரைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இரவு முழுதும் அசையாமல் வையுங்கள். பெரிய துகள்கள் முதலில் படியும், சிறியவை பின்னர் படியும். மிக நுண்ணியவை காலையிலும் கலங்கலாகவே நிற்கும். அடியில் தங்கிய படிவைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், உலர்த்திக் குப்பையில் சேருங்கள். அப்படிவில் உள்ள ஒவ்வொரு துகளும் அடுத்த முறை காரின் மேல் கோடு போட்டிருக்கக் கூடியதே.