ஏன் அவுஸ்திரேலியா?

பேரன் மெல்பேர்ணுக்குப் படிக்கப் போகிறான். "ஏன் தம்பி அவுஸ்திரேலியா?" என்று கேட்டேன். "படிச்சு முடிய அங்கேயே வேலை எடுக்கலாம், அப்பப்பா" என்றான்.

எங்கள் காலத்தில் காரணம் வேறு. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்கள் கூடியது நம் கொழும்பில்தான். அதிலிருந்து பிறந்ததே கொழும்புத் திட்டம். அதற்காக முன்னின்றவர்களில் ஒருவர் அவுஸ்திரேலிய அமைச்சர் பேர்சி ஸ்பெண்டர். ஆசியாவில் கம்யூனிசம் பரவிவிடுமோ என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. 1951இல் திட்டம் தொடங்கியது; நம் பிள்ளைகளுக்கும் புலமைப்பரிசில் கிடைத்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளையர் அல்லாதோருக்குக் கதவடைத்த நாடு அது! ஆகவே படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிட வேண்டும். என்னோடு படித்த ஒருவன் அப்படிப் போய், பொறியியலாளனாகத் திரும்பினான். எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கவலை எனக்கு வெகுகாலம் இருந்தது.

1973இல் அந்தக் குடிவரவுக் கொள்கையை விட்லம் அரசு முற்றாகக் கைவிட்டது. 1974இல் பல்கலைக்கழகக் கட்டணத்தையும் நீக்கியது. அது நீடிக்கவில்லை. 1986 முதல் வெளிநாட்டு மாணவரிடம் முழுக்கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

பேரனின் கட்டணத்துக்காக வீட்டுக்காணியை ஈடு வைக்கிறோம். உறுதி என் பெயரில் இருப்பதால் நேற்று நான்தான் போய்க் கையெழுத்து வைத்தேன்.